கூதிர்கால மாளிகையும் ஒரு வாளித் தணலும்

(வானொலி இலக்கியத் தொடரில் ஒலிபரப்பான உரையின் எழுத்து வடிவம்)



பத்துப்பாட்டில் ஏழாவதாக வைத்து எண்ணப்படுவது நெடுநல்வாடை. 188 அடிகளைக் கொண்ட ஆசிரியப்பா. பாடியவர் மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார். பாட்டின் தலைவன் தலையாலங்கானத்துச் செருவென்ற பாண்டியன் நெடுஞ்செழியன் என்பது உரை மரபு. இது அகப்பாட்டா, புறப்பாட்டா என்பதும் நெடுநாளைய விவாதம். பரீட்சைக்காகப் படித்தவர்கள் இவற்றையெல்லாம் நன்கு அறிவார்கள். ஆகவே அவற்றை விட்டுவிட்டு, மிகச் சாதாரணமான ஒரு கேள்வியோடு இன்று இப்பாட்டை அணுக விரும்புகின்றேன். குளிர்காலத்தில் ஒரு பெரிய பழைய வீட்டை எப்படிச் சூடாக வைத்திருப்பது? இதுதான் கேள்வி.

வெயில் நாட்டவருக்கு இது எதற்கு என்று நீங்கள் எண்ணக்கூடும். நானும் யாழ்ப்பாணத்தில் பிறந்து வளர்ந்தவன்தான். மார்கழித் திருவெம்பாவைக்கு விடியப்புறம் எழும்பும்போது தோளில் ஒரு சால்வை. அதுவே எங்களூர்க் குளிருக்குப் போதும். பல்கலைக்கழகத்தில் நெடுநல்வாடையைப் படித்தபோதும் குளிரைச் சொல்லாகத்தான் படித்தேன். உடம்பால் படித்தது 2012ஆம் ஆண்டில். அந்த ஆண்டு நுவரெலியாவுக்கு அண்மையிலுள்ள ஒரு தோட்டப்புறப் பாடசாலைக்குத் தமிழாசிரியனாக நியமனம் பெற்றுச் சென்றேன்.

நுவரெலியா நகரம் கடல் மட்டத்திலிருந்து 6,000 அடிக்கு மேல் இருக்கின்றது. தை, மாசி மாதங்களின் தெளிந்த இரவுகளில் சிலவேளை புல்லின்மேல் உறைபனி வெள்ளையாகப் படிந்து கிடக்கும். அங்கே எனக்கும் வேறு இரண்டு ஆசிரியர்களுக்கும் தங்குமிடமாக வாய்த்தது ஒரு பழைய பங்களா. வெள்ளைக்காரத் துரைமார் காலத்தில் கட்டியது. கருங்கற் சுவர், தகரக் கூரை, ஏணி வைத்தாலும் எட்டாத உயரத்தில் பலகைத் தட்டு, எட்டு அறைகள். அறைக்கொரு கணப்படுப்பு. அவற்றில் ஒன்றே ஒன்றுதான் எரியும் நிலையில் இருந்தது. வாடகை குறைவு என்று மகிழ்ந்து மூவரும் ஆளுக்கோர் அறை பிடித்தோம். முதல் கிழமையே மூவரும் காய்ச்சலில் படுத்தோம்.

எங்களைக் காப்பாற்றியவர் அந்தப் பங்களாவின் காவற்காரர். எழுபது வயதிருக்கும். எல்லோரும் அவரைத் தாத்தா என்றே அழைத்தார்கள். நாங்களும் அப்படியே அழைத்தோம். இளமையில் அதே பங்களாவில் விறகு பிளந்தவர். "மாஸ்டருங்க இந்த வீட்ட முழுக்கச் சூடாக்கப் பாக்கிறீங்க. துரையாலயே முடியலீங்க. ஒரு அறையப் புடிங்க, மத்தத மூடுங்க" என்றார். அன்று தொடங்கியது எங்கள் பாடம்.

எரியும் அடுப்புள்ள ஓர் அறையில் மூன்று கட்டில்களையும் போட்டோம். இன்னும் இரண்டு அறைகளைச் சமையலுக்கும் சாமான்களுக்குமாக வைத்துக்கொண்டு, மற்ற ஐந்தையும் மூடினோம். பயன்படாத அடுப்புகளின் புகைக் கூண்டுகளைச் சாக்கால் அடைத்தோம். இல்லையென்றால் அந்த வழியே குளிர்காற்று உள்ளே இறங்கிவிடும். கதவுகளின் கீழ் இடைவெளிக்கு மரத்தூள் நிரப்பிய துணிச் சுருளை வைத்தோம். நண்பகலில் வெயில் விழும் பக்கத்து யன்னற் பலகைகளைத் திறந்துவிட்டு, நான்கு மணிக்கு முன்பே மூடி, பழைய கம்பளிகளைத் திரையாகத் தொங்கவிட்டோம். விறகு நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். ஈர விறகின் சூடெல்லாம் அதன் நீரை ஆவியாக்குவதிலேயே கழிந்துவிடும். கவ்வாத்து வெட்டிய தேயிலை மிலாறு பற்றவைக்க நல்லது. நின்று எரிய யூக்கலிப்டஸ் கட்டை வேண்டும். சாம்பலை முழுவதும் அள்ளக்கூடாது. சாம்பற் படுக்கையில்தான் நெருப்பு நிற்கும். இரவில் தணலைச் சாம்பலால் மூடிவிட்டால் விடியும்வரை உயிரோடிருக்கும்.

இவற்றுள் என்னை வியக்க வைத்தது ஒன்று. திறந்த கணப்படுப்பின் வெப்பத்தில் பெரும்பகுதி புகைக் கூண்டு வழியே வானத்துக்குப் போகின்றது. போகும்போது அறையின் காற்றையும் இழுத்துக்கொண்டு போவதால், கதவிடுக்கு வழியே வெளிக்குளிர் உள்ளே வருகின்றது. அடுப்பின் முன் இருந்தால் முகம் சுடும், முதுகு விறைக்கும். தாத்தா அடுப்புக்குள் இரு பக்கமும் செங்கற்களைச் சாய்வாக அடுக்கி, அதன் வாயை ஒடுக்கினார். "பழைய தொர காலத்தில இப்பிடித்தாங்க இருந்திச்சி. பின்னால வந்தவங்க கழட்டிப்புட்டாங்க" என்றார். அன்றிரவு முதுகும் சற்றுச் சூடானது. ரம்ஃபோர்ட் பிரபு என்பவர் 1796இல் கணப்படுப்புகள் பற்றி எழுதிய கட்டுரையில் இதே முறையை விளக்கியிருக்கின்றார் என்பதைப் பின்னர் அறிந்துகொண்டேன். அடுப்பின் ஆழத்தைக் குறைத்து, பக்கச் சுவர்களைச் சாய்த்து, புகை போகும் தொண்டையை ஒடுக்கினால் வெப்பம் அறைக்குள் திரும்பும் என்பது அவர் கண்ட முறை. அவருடைய பெயரைத் தாத்தா கேட்டிருக்க மாட்டார். ஆனால் அந்த அறிவு அவர் கையில் இருந்தது.

இனி நெடுநல்வாடைக்கு வருவோம். அந்தத் தவணையில் உயர்தர வகுப்புக்கு இலக்கிய வரலாறு கற்பிக்கும்போது இப்பாட்டை விரித்துச் சொன்னேன். இம்முறை பாட்டு எனக்கு வேறாகத் தெரிந்தது. நக்கீரர் பாண்டியனின் பழைய பெரிய நகரில், மாட மாளிகையில் வாழ்வோர் கூதிர்காலத்தை எப்படிச் சமாளித்தார்கள் என்பதை ஒரு வீட்டுக்காரியின் கவனத்தோடு சொல்கின்றார். மேல்மாடியில் வேனிற்காலத்துப் படுக்கையறை இருக்கின்றது. தென்றல் வருவதற்கென்றே அதில் சாளரம் வைத்திருக்கின்றார்கள். இப்போது அங்கே எவரும் உலாவுவதில்லை; கதவுகள் தாழிட்டுக் கிடக்கின்றன. அழகாகச் செய்த விசிறி மடக்கப்பட்டு முளையில் தொங்குகின்றது. அதில் சிலந்தி நூல் கட்டிவிட்டது. வடநாட்டிலிருந்து வந்த வெண்ணிறச் சந்தனக் கல் தொழிலின்றிக் கிடக்கின்றது. ஒடுங்கிய வாயுள்ள கன்னலில் இருக்கும் குளிர்ந்த நீரை எவரும் தொடுவதில்லை. அகன்ற வாயுள்ள தடவில் செந்நெருப்பு இட்டு அதனருகே இருந்து குளிர் காய்கின்றார்கள். தடவு என்பது தணல் இடும் சட்டி. அகிற்புகை எழுகின்றது. குளிரினால் யாழ் நரம்பின் சுருதி குலைந்துவிட, ஆடல் மகளிர் அதைத் தம் மார்பின் வெம்மையில் வைத்துத் தடவிச் சரிசெய்கின்றார்கள்.

பாருங்கள் நேயர்களே. வேண்டாத அறையை மூடுதல், காற்று வழியை அடைத்தல், நெருப்பை ஆட்கள் இருக்கும் இடத்துக்குக் கொண்டுவருதல். தாத்தா சொன்ன பாடம்தான் அங்கேயும் இருக்கின்றது.

அந்த வகுப்பில் லயத்திலிருந்து வரும் ஒரு மாணவி இருந்தாள். அதிகம் பேசாத பிள்ளை. அவள் எழுந்து, "சேர், பாட்டு ஆரம்பத்தில மாடு மேய்க்கிறவங்களுக்கு வீடு இல்ல. கையில கொள்ளி மட்டும் இருக்கு, கன்னம் நடுங்குது. அது எங்களுக்கு வெளங்குது. அரண்மனையில வீடும் இருக்கு, நெருப்பும் இருக்கு. பின்ன ஏன் சேர் அந்த அரசிக்குத் தூக்கம் வரல்ல?" என்று கேட்டாள்.

பிரிவுத் துயர், முல்லை ஒழுக்கம், உரிப்பொருள் என்று புத்தகத்தில் உள்ளதைச் சொன்னேன். அவள் எழுதிக்கொண்டு அமர்ந்தாள். அவள் கேட்டதற்கு அது விடையாகவில்லை என்பது எனக்கே தெரிந்தது.

2013 தை மாதம். தாத்தா இரவில் பங்களாவின் பின்விறாந்தையில் காவல் படுப்பார். அவரது குடும்பம் ஒரு மைல் கீழேயுள்ள லயத்தில் இருந்தது. லயத்துக் காம்பிரா என்றால் ஏறக்குறைய பத்தடிக்குப் பன்னிரண்டடி. அதற்குள்தான் சமையலும் படுக்கையும். புகை போகக் கூண்டு கிடையாது. மகன் கொழும்பில் வேலை. மருமகள் பிள்ளை பெற்று இருபது நாள். ஒரு மாலை தாத்தா தயங்கித் தயங்கி வந்து, "மாஸ்டர், பச்ச ஒடம்புக்காரிங்க. ராத்திரியில வெடவெடன்னு நடுங்குது. அடுப்புல மிஞ்சுற தணல் கொஞ்சம் குடுத்தீங்கன்னா கொண்டுபோயிக் குடுத்திட்டு வந்திருவேன்" என்றார்.

நாங்கள் மனமுவந்து கொடுத்தோம். நாலைந்து நாள் ஒரு தகர வாளியில் தணல் போனது. அடுத்த நாள் காற்று மிகப் பலமாக இருந்தது. அவரது காம்பிராவின் யன்னலில் பலகை உடைந்திருக்கின்றது என்று கேள்விப்பட்டு, அதை அடைக்க இரண்டு சாக்கும் ஒரு பழைய படங்குத் துண்டும் கொடுத்தோம். கதவின் கீழ் வைக்கத் துணிச் சுருளும் கொடுத்தோம். கற்ற பாடத்தை மற்றவருக்கும் சொல்லிக் கொடுத்த திருப்தியோடு உறங்கினோம்.

விடியற்காலை ஐந்து மணிக்குப் பக்கத்துக் காம்பிராப் பெண் தண்ணீருக்குக் கூப்பிடக் கதவைத் தட்டியிருக்கின்றார். பதில் இல்லை. தள்ளித் திறந்தபோது மருமகள் எழும்ப முடியாமல் வாந்தியெடுத்துக் கிடந்தார். தாத்தாவின் மனைவிக்கு நினைவு தடுமாறியிருந்தது. குழந்தை துவண்டு போயிருந்தது. அந்தப் பெண் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளிக்காற்றுக்கு ஓடினார். லயமே திரண்டு மூவரையும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது. ஒட்சிசன் கொடுத்தார்கள். மூவரும் பிழைத்தார்கள்.

அங்கிருந்த வைத்தியர் எங்களுக்கு விளக்கினார். போதிய காற்று இல்லாத இடத்தில் தணல் எரியும்போது காபனோரொட்சைட்டு வாயு உண்டாகின்றது. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. இரத்தம் ஒட்சிசனைச் சுமக்கவேண்டிய இடத்தை அது பிடித்துக்கொள்ளும். உறங்குபவர் உறக்கத்திலேயே போய்விடுவார். உயர்ந்த தட்டும் புகைக் கூண்டும் உள்ள எங்கள் அறையில் நன்மையாக இருந்த நெருப்பு, அந்தச் சிறு காம்பிராவில் நஞ்சாகிவிட்டது. முதல் நாட்களில் அவர்களைக் காப்பாற்றியது அந்த உடைந்த யன்னல்தான். அதை அடைக்கச் சாக்குக் கொடுத்தவர்கள் நாங்கள்.

தாத்தாவின் முகத்தைப் பார்க்கவே எனக்கு வெட்கமாக இருந்தது. அவர், "ஒங்க மேல என்னாங்க தப்பு. நெருப்புக் கேட்டது நாந்தானே" என்று மட்டும் சொன்னார். அவர் சினந்து பேசியிருந்தால் எனக்குச் சற்று இலகுவாக இருந்திருக்கும்.

அன்றிரவு எங்களோடு தங்கியிருந்த கணித ஆசிரியர் நெருப்பைப் பார்த்தபடி, "எட்டறை வீட்டில ஐஞ்சு அறையைப் பூட்டி வைச்சிருக்கிறம். அதுக்குள்ள ஒண்டு இந்த அடுப்புக்குப் பின்சுவர். சுவர் எப்பவும் இளஞ்சூடு. நாங்கள் அந்தச் சனத்துக்கு வாளியில தணல் அனுப்பினம்" என்றார்.

அதற்குமேல் பேச எதுவும் இருக்கவில்லை. வீட்டை வாடகைக்குத் தந்தவர் முதலில் தயங்கினார். மாதம் சிறிது கூட்டித் தருவதாகச் சொன்னபின் இணங்கினார். தாத்தாவும் உடனே சம்மதிக்கவில்லை. விறகு சுமந்து பின்கதவால் நுழைந்து பழகியவர், குடும்பத்தோடு அந்த வீட்டின் உள்ளறையில் படுப்பதை நினைத்துப் பார்க்கவே அவருக்குக் கடினமாக இருந்தது. கடைசியில் பேரப்பிள்ளைக்காக ஒப்புக்கொண்டார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றே அவர்கள் அந்தப் பின்னறைக்கு வந்தார்கள். பங்குனிவரை இருந்தார்கள்.

அந்த இரண்டு மாதமும் வீடு முன்பிருந்ததைவிடச் சூடாக இருந்தது. இது வெறும் உணர்ச்சிப் பேச்சன்று, கணக்கும் உண்டு. சும்மா இருக்கும் ஒரு மனித உடம்பே ஏறக்குறைய 100 வாற்று மின்குமிழ் அளவு வெப்பத்தை வெளிவிடுகின்றது என்று கணித ஆசிரியர் சொல்வார். அதோடு இரண்டு அறைக்கு ஒரே அடுப்பு என்றானதும் நெருப்பு பகலிலும் அணையவில்லை. பாட்டி காலையில் ரொட்டி சுடுவார். குழந்தைக்கு வெந்நீர் எப்போதும் கொதித்தபடி இருக்கும். கருங்கற் சுவர் சூட்டை மெல்ல வாங்கி மெல்லத்தான் விடும். ஒரு நாளும் குளிரவிடாமல் வைத்திருந்தால்தான் அது நமக்கு உதவும். இரவில் மட்டும் நெருப்பு மூட்டிக் காலையில் பாடசாலைக்குப் போய்விடும் மூன்று ஆண்களால் அந்தச் சுவரைச் சூடாக்க முடியவில்லை. நாள் முழுதும் ஆட்கள் வாழ்ந்த வீட்டில் சுவரும் சூடானது.

இப்போது அந்த மாணவியின் கேள்விக்குத் திரும்புகின்றேன். நக்கீரர் தம் பாட்டை அரண்மனையில் தொடங்கவில்லை. மழைவெள்ளத்துக்கு அஞ்சி மந்தையை ஓட்டிக்கொண்டு மேட்டு நிலத்துக்குப் போய் நடுங்கி நிற்கும் கோவலரில் தொடங்குகின்றார். மேய்ச்சலை மறந்த விலங்குகளையும், கூனிக் குறுகிய குரங்கையும், மரத்திலிருந்து விழும் பறவையையும் காட்டுகின்றார். அதன் பின்புதான் நகரும் மாளிகையும். நூல் பிடித்து அளந்து கட்டிய மனை. யானை கொடியோடு நுழையும் வாயில். செம்பால் செய்தது போன்ற நெடுஞ்சுவர். யவனர் செய்த பாவை விளக்கு. யானைத் தந்தத்தால் இழைத்த பெருங்கட்டில். குளிர் நுழைய வழியில்லை. அத்தனைக்கும் நடுவில் அணிகளைக் களைந்த ஒரு பெண், கட்டிலின் மேலுள்ள ஓவியத்தில் உரோகிணி திங்களோடு இருப்பதைப் பார்த்துப் பெருமூச்செறிகின்றாள்; கண்ணீர் வடிக்கின்றாள்.

பாட்டு முடிவதோ அந்த மாளிகையில் அன்று. பாசறையில் முடிகின்றது. நள்ளிரவு, வாடை வீசுந்தோறும் விளக்கின் சுடர் சாய்கின்றது, துளி விழுகின்றது. அந்த நேரத்தில் அரசன் உறங்காமல், புண்பட்ட வீரர்களைப் பார்த்து வருவதற்காகச் சிலரோடு நடக்கின்றான். ஓர் இளைஞனின் தோளில் அவனது கை இருக்கின்றது. வாடை தலைவிக்கு நெடியதாகவும் தலைவனுக்கு நல்லதாகவும் இருத்தலால் பாட்டுக்கு நெடுநல்வாடை என்று பெயர் வந்தது எனப் பொருள் சொல்வர். அடைத்த வீட்டில் தனித்திருந்தவளுக்கு அதே காற்று நெடியது. திறந்த வெளியில் தன்னைச் சேர்ந்தவர்களின் நடுவே நின்றவனுக்கு அது நல்லது. 'வீடும் இருக்கு, நெருப்பும் இருக்கு, பின்ன ஏன் தூக்கம் வரல்ல' என்று கேட்ட பிள்ளைக்கு இன்று நான் இதைத்தான் சொல்வேன். வீடு இருந்தது, நெருப்பு இருந்தது, வேண்டிய ஆள் அந்த அறைக்குள் இருக்கவில்லை.

எங்கள் கதையை இதோடு முடித்தால் நாங்கள் ஏதோ பெரிய காரியம் செய்தது போலாகிவிடும். அப்படியன்று. பங்குனியில் வெயில் ஏறியதும் அந்தக் குடும்பம் அதே காம்பிராவுக்குத்தான் திரும்பிப் போனது. யன்னலுக்குப் புதிய பலகை போட்டுக் கொடுத்தோம். மேலே காற்றுப் போக வழி வைத்தோம். அவ்வளவுதான். பங்களாவில் அறைக்கொரு புகைக் கூண்டு வைத்துக் கட்டிய காலத்திலேயே லயத்துக்கு ஒன்றுகூட இல்லாமல் கட்டினார்கள். அதை மூன்று ஆசிரியர்களின் இரக்கத்தால் ஈடுசெய்ய முடியாது. நெருப்போடு சேர்த்து அதன் புகை போகும் வழியையும் கொடுப்பதே ஒருவருக்கு வீடு கொடுப்பது என்று நான் அன்று கற்றுக்கொண்டேன்.

இப்போது வெயிலூரில், இந்துக் கல்லூரியொன்றில் கற்பிக்கின்றேன். மாணவர்கள் மின்விசிறியின் கீழ் இருந்து கூதிர்காலத்தைப் படிக்கின்றார்கள். தடவு என்ற சொல்லுக்குப் பொருள் சொல்லும்போதெல்லாம் அந்தத் தகர வாளி என் கண்முன் வந்துவிடும். அப்போது பாடத்தைச் சற்று நிறுத்தி இந்தக் கதையையும் சொல்லிவிடுவேன்.

நேயர்களே, உங்களில் மலைநாட்டில் இருந்து இந்த உரையைக் கேட்பவர்களும் இருப்பீர்கள். குளிர் கடுமையாக இருக்கும் இரவில் தணற் சட்டியின் அருகே இருந்து குளிர் காயுங்கள். உறங்கப் போகுமுன் அதை வெளியே வைத்துவிடுங்கள். உங்கள் வீட்டில் மூடிக் கிடக்கும் அறை ஒன்று இருந்தால், அது யாருக்குப் பயன்படக்கூடும் என்பதையும் ஒரு முறை எண்ணிப் பாருங்கள்.